பதின்மூன்று குள்ளர்களில் மூன்று பேர் மட்டும் ஏன் மனதில் நிற்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் நண்பர் வீட்டு 32 இன்ச் டிவியில் ஏழு பேராக உட்கார்ந்து ‘ஹாபிட்’ இரண்டாம் பாகத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்திருக்கிறீர்கள். டிராகன் பிடித்துக்கொண்ட மலையை மீட்க, திருட்டு வேலைக்குப் பில்போ என்ற குட்டி ஆளையும் கூட்டிக்கொண்டு பதின்மூன்று குள்ளர்கள் போகும் கதை. டிராகன் வந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்னால் நடுவில் இரண்டு பேர் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். படம் முடிந்தபிறகு பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது: ‘சார்பட்டால கொஞ்ச நேரமே வர்ற டான்சிங் ரோஸ மறக்க முடியல. இதுல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல கூடவே நடந்து வந்தவனுங்க பேரு நிக்கல. தப்பு எங்க மேலயா, படத்து மேலயா?’ உங்களுக்கு நின்றவர்கள் மூன்றே பேர்: தலைவன் தோரின், அம்பு பட்ட பையன், பீப்பாயோடு உருண்ட குண்டு ஆள். இந்த மூவர் எப்படி நின்றார்கள் என்று பார்த்தாலே மற்ற பத்துப் பேர் ஏன் கரைந்துபோனார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் பக்கம் இருக்கும் சின்னக் காரணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அகலத்திரைப் படம். 2.39-க்கு 1 என்ற அளவு. 32 இன்ச் டிவியின் திரை உயரம் ஏறக்குறைய 16 அங்குலம். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை போனால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 12 அங்குலம். அதில் ஒன்பது பத்துப் பேர் வரிசையாக நிற்கும் ஷாட் வந்தால் ஒவ்வொரு முகமும் கட்டைவிரல் அளவுதான். முகத்தில் பாதியைத் தாடி மூடியிருக்கிறது. தியேட்டரில் பார்த்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறையும். முழுக்கத் தீராது.

டப்பிங்கும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மூலத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே ஆங்கிலம் பேசுவதில்லை. பாலினாக வரும் கென் ஸ்டாட்டும் ட்வாலினாக வரும் கிரஹாம் மெக்டாவிஷும் ஸ்காட்லாந்து வாடையில் பேசுவார்கள். தொப்பிக்காரன் போஃபராக வரும் ஜேம்ஸ் நெஸ்பிட் வட அயர்லாந்துக்காரர், பேச்சும் அப்படியே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் பேசுகிறார் என்று பாதிப் பேரைப் பிரித்துவிடலாம். தமிழில் ‘வாருங்கள், செல்வோம்’ என்று எல்லோரும் ராஜா காலத்து நாடகத் தமிழில் இறங்கிவிட்டால் காதுக்கு இருந்த அந்தப் பிடி போய்விடும். ஒருத்தனுக்கு நெல்லைத் தமிழ், ஒருத்தனுக்குக் கொங்குத் தமிழ், போஃபருக்கு நம்ம காசிமேட்டுத் தமிழ் என்று கொடுத்திருந்தால் உங்கள் பட்டியலில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருப்பார்கள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, மூலத்தில் செய்த வேலையே இதுதான்.

பெயர்களின் கதை வேறு. டோரி, நோரி, ஓரி, ஓயின், க்ளோயின், பிஃபர், போஃபர், பாம்பர், ஃபீலி, கீலி, பாலின், ட்வாலின், தலைவன் தோரின். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட குழந்தைகள் புத்தகம் இது. பெயர்களில் பெரும்பாலானவற்றைப் பழைய நார்ஸ் மொழிக் கவிதை ஒன்றில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தார். புத்தகத்தில் அந்த எதுகை மோனை குழந்தைக்குப் பாட்டு மாதிரி இனிக்கும், யார் யாரென்று பிரித்தறியத் தேவையே இல்லை. டோல்கீனே பாதிப் பேருக்கு முக்காட்டின் நிறத்தைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆகவே சரக்கு வரும்போதே இந்தக் குறையோடுதான் வந்தது, இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மீது முழுப் பழியையும் போட முடியாது. அவருடைய குழு அதை உருவத்தால் சரிக்கட்டப் பார்த்தது. நோரிக்கு நட்சத்திரம் மாதிரி முடி, ஓரிக்குக் கையில் பின்னிய கம்பளி உறை, பிஃபரின் நெற்றியில் பதிந்த கோடரித் துண்டு, ஓயினுக்குக் காதுக்குழல். பொம்மைக் கடையில் வரிசையாக வைத்தால் பதின்மூன்றையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கதையில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் மட்டும் மனதில் தங்காது.

எது தங்கும்? மகாபாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கௌரவர்கள் நூறு பேர். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: துரியோதனன், துச்சாதனன், விகர்ணன். முதல் இருவர் கதை முழுக்க வருகிறவர்கள். விகர்ணன்? சூதாட்டச் சபையில் பெரியவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்க, இவன் ஒருத்தன் எழுந்து ‘இது நியாயமில்லை’ என்றான், சொந்த அண்ணனை எதிர்த்து. அந்த ஒரே எழுச்சிக்கு இத்தனை நூற்றாண்டு ஆயுள். மிச்சத் தொண்ணூற்றேழு பேரின் கிரீடத்தைப் பற்றியோ ஆயுதத்தைப் பற்றியோ எவ்வளவு வர்ணித்தாலும் நிற்காது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கட்டியங்காரன் திரைக்குப் பின்னால் நிற்பவரை ‘யாரப்பா நீ?’ என்று கேட்டு வரவழைப்பார் இல்லையா, வேஷக்காரர் தன் பெயரையும் பெருமையையும் பாடிக்கொண்டே வருவார். அந்த வரவு காதில் ஒரு கொக்கியை மாட்டும். ஆனால் விடியும்வரை அந்தக் கொக்கியில் தொங்குவது அவர் எடுக்கும் முடிவுதான். கேரம் போர்டு மாதிரி என்றும் சொல்லலாம். ஒன்பது கறுப்பில் எது எந்தக் காய் என்று யாரும் கேட்பதில்லை. ரெட்டுக்கு மட்டும் நிபந்தனை இருக்கிறது, போட்டால் ஃபாலோவும் போட வேண்டும். அதனால் எல்லோர் கண்ணும் அதன் மேல்.

இப்போது உங்கள் மூவர். அம்பு பட்ட பையன் கீலி, நடிகர் எய்டன் டர்னர். பீப்பாய்க் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். காட்டில் வாழும் எல்வ் இனத்தாரின் காவலில் இருந்து தப்பி ஆற்றில் மிதந்து வருகிறார்கள், முன்னால் இரும்புக் கதவு அடைபடுகிறது, மேலே ஓர்க்குகள் என்ற அரக்கர்கள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் பீப்பாய்க்குள் மாட்டிக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் பீப்பாயை விட்டு வெளியே ஏறி, படியில் ஓடி, கதவைத் திறக்கும் நெம்புகோலை நோக்கிப் போகிறான். காலில் அம்பு பாய்கிறது. அந்த வலியோடு நெம்புகோலை இழுக்கிறான், எல்லோரும் தப்பிக்கிறார்கள். யாரும் ஏவவில்லை, தானே போனான், விலையும் தானே கொடுத்தான். அந்த விலை பிறகு விஷக் காய்ச்சலாகப் படத்தின் கடைசி வரை கூடவே வருகிறது. ரெட்டும் ஃபாலோவும் சேர்ந்து விழுந்த மாதிரி. பெயர் மறந்தாலும் ‘அம்பு பட்டவன்’ என்று ஆள் மனதில் நின்றதற்குக் காரணம் இது.

குண்டு ஆள் பாம்பர். படத்தில் அவருக்குக் கிட்டத்தட்ட வசனமே கிடையாது, கவனித்தீர்களா? அதே ஆற்றுக் காட்சியில் அவர் பீப்பாய் கரையில் துள்ளி விழுந்து, ஓர்க்குகளை நசுக்கிக்கொண்டு உருண்டு, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கைகள் வெளியே வந்து கோடரியைச் சுழற்றுகின்றன. இதில் முடிவு எதுவும் இல்லை, வெறும் வித்தைதான். ஆனால் அந்த உடம்பு, அந்த பீப்பாய், இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும் வித்தை, வேறு யாருக்கும் பொருந்தாது. டான்சிங் ரோஸ் நின்றதும் இதே வழியில்தான். இடியாப்பப் பரம்பரையில் குத்துச்சண்டைக்காரர்கள் பலர் இருக்கலாம். ஆனால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கால்கள் நடனமாட நிற்கும் ரோஸிடம் கபிலன் பழைய பாணியில் மோதினால் ஜெயிக்க முடியாது. அந்த இடத்தில் வேறு ஒரு முரட்டு ஆளை நிறுத்தினால் சண்டையே வேறாகிவிடும். ஷபீர் கல்லரக்கலின் உடம்பும் காலும் செய்த வேலையைப் பத்துப் பக்க வசனம் செய்திருக்காது. சார்பட்டாவிலும் கூட்டம் அதிகம்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்த மாதிரி ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தோரினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம். தலைவன், ரிச்சர்ட் ஆர்மிடேஜ், படத்தின் முக்கிய முடிவுகள் அவருடையவை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், உங்கள் பட்டியலில் விட்டுப்போனவர். மலைக்குள் டிராகனோடு பில்போ மாட்டியிருக்கும்போது வெளியே வெள்ளைத் தாடிப் பெரியவர் பாலின், உதவப் போகலாம் என்கிறார். ஒரு திருடனுடைய உயிருக்காகக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் தோரின். அதற்குப் பாலின் சொல்வதன் சாரம், அவனுக்குப் பில்போ என்று ஒரு பெயர் இருக்கிறது என்பது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. அரசனாகப் போகிறவனின் முகத்துக்கு நேரே ஒரு கிழவர் சொல்கிறார். இந்தப் படத்தில் நடிப்புக்காக ஓர் இடத்தைச் சுட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். அடுத்த முறை இந்த இடத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

அப்படியென்றால் மற்றவர்களுக்கும் ஏன் இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை? பெரும் குழுவை வைத்துக் கதை சொல்பவர்கள் பொதுவாகக் கையாளும் உபாயம், குழுவை உடைப்பது. இதே இயக்குநர் 2002-இல் எடுத்த, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் படமான ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் கூட்டம் மூன்று கூறாகிவிடும். ஃப்ரோடோ, சாம், கூட வந்து சேரும் ‘கோலம்’ என்ற பிராணி ஒரு பக்கம். மெரியும் பிப்பினும் ஒரு பக்கம். ஆரகார்ன், லெகலஸ், கிம்லி ஒரு பக்கம். எந்தக் காட்சியிலும் இரண்டு மூன்று பேருக்குமேல் கவனிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வேலை. இங்கே பதின்மூன்று பேரும் சிலந்திக் காடு, எல்வ்களின் சிறை, ஆறு என்று மூட்டையாகவே வருகிறார்கள். மூட்டை அவிழ்வது ஏரி நகரத்தில்தான். படகில் ஏறும்போது காயம்பட்ட கீலியை ஏற வேண்டாம் என்கிறார் தோரின். அண்ணன் ஃபீலி தம்பியோடு இருந்துவிடுகிறான். வைத்தியம் தெரிந்த ஓயினும் நின்றுவிடுகிறார். போஃபர் குடித்துவிட்டுத் தூங்கிப் படகைத் தவறவிடுகிறான். நான்கு பேர் ஊரில், ஒன்பது பேர் மலைக்கு. புத்தகத்தில் எல்லோரும் மலைக்குப் போகிறார்கள், இந்தப் பிரிப்பு படக்காரர்கள் செய்தது, சரியாகவும் செய்தது. ஆனால் பிரிக்கும்போது படத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஃபீலியின் அந்த ஒரு முடிவுக்குக் கிடைத்த நேரம் சில விநாடிகள்.

நேரம் எங்கே போனது என்று கேட்டால், புதிதாக வந்தவர்களுக்குப் போனது. லெகலஸ் ‘ஹாபிட்’ புத்தகத்தில் இல்லை. டாரியல் என்ற எல்வ் வீராங்கனை எந்தப் புத்தகத்திலும் இல்லை, படத்துக்காக உருவாக்கியது. ஏரி நகரத்தில் ஸ்டீஃபன் ஃப்ரை நடிக்கும் தலைவர், அவருடைய கையாள் அல்ஃப்ரிட், படகுக்காரர் பார்ட், அவர் பிள்ளைகள். இன்னொரு பக்கம் மந்திரவாதி காண்டால்ஃப் தனியாக ஒரு பாழடைந்த கோட்டைக்குள். இதுவரை சொன்னது படத்தில் யாரும் எண்ணிச் சரிபார்க்கக்கூடியது. டாரியல் தேவையா என்பது அப்படிப்பட்டதல்ல, ரசனைக்கு உட்பட்டது. அந்தப் பாத்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஊரே கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வெளியே நடப்பதும் நம்முடைய பாடுதான் என்று சொல்லி இறங்கிப் போகிறவள் அவள். அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் அவளை கீலிக்கும் லெகலஸுக்கும் நடுவில் நிறுத்திய காதல் முக்கோணம் பிற்சேர்க்கை. முக்கோணம் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நடிக்க ஒத்துக்கொண்டதாகவும், பிறகு எடுத்த மறுபடப்பிடிப்பில் அது வந்து சேர்ந்ததாகவும் நடிகை எவாஞ்சலின் லில்லி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சிகளில் தையல் தெரிவது போல உங்களுக்குத் தோன்றியிருந்தால் கண் ஏமாறவில்லை.

டிராகன் பகுதிக்கு வருவோம், உங்கள் ரெண்டுங்கெட்டான் மனநிலைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தங்கக் குவியலுக்குள் பில்போவும் ஸ்மாக் என்ற அந்த டிராகனும் பேசும் காட்சி ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கிறது? இரண்டே பேர். ஒருத்தன் ஒளிய வேண்டும், ஒருத்தன் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் காசு சரிகிறது, ஒவ்வொரு சரிவும் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. மார்ட்டின் ஃப்ரீமேன் கண்ணாலும் தடுமாறும் நாக்காலும் நடிக்கிறார். எதிரே பெனடிக்ட் கம்பர்பாட்சின் குரல். தொலைக்காட்சியில் ஷெர்லாக்கும் வாட்சனுமாக நடித்த அதே ஜோடி. குரல் மட்டுமல்லாமல் டிராகனின் அசைவையும் கம்பர்பாட்சே நடித்துக் கொடுத்தார். பிறகு ஒன்பது குள்ளர்களும் உள்ளே வருகிறார்கள். உலை, உருகிய தங்கம், ராட்சத சிலை, துரத்தல். புத்தகத்தில் இந்தச் சண்டை கிடையாது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஊரையே எரிக்கும் நெருப்பு இத்தனை நேரம் துரத்தியும் ஒன்பது பேரில் ஒருத்தருக்கும் பெரிய காயம் இல்லை. இரண்டு மூன்று முறை தப்பியதும் நம் வயிறு ‘இவனுங்களுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று முடிவு கட்டிவிடும். அதன்பிறகு எவ்வளவு நெருப்பு ஊற்றினாலும் பட்டாசு வேடிக்கைதான். கீலியின் ஒற்றை அம்புக்கு இருந்த கனம் அத்தனை நெருப்புக்கும் இல்லை.

அப்புறம் அந்த முடிவு. டிராகன் ஏரி நகரத்தை எரிக்கக் கிளம்புகிறது, பில்போ ‘என்ன காரியம் செய்துவிட்டோம்’ என்கிறான், திரை கறுப்பாகிறது. 161 நிமிடம் கழித்து இன்டர்வெல் கார்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிய மாதிரி. இதற்கான காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. 2011 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியபோது இது இரண்டு படமாகத்தான் திட்டமிடப்பட்டது. முக்கியப் படப்பிடிப்பு 2012 ஜூலையில் முடிந்தது, அதே மாதக் கடைசியில்தான் மூன்று படம் என்று அறிவிப்பு வந்தது. பணத்துக்காகவா, சொல்ல நிறைய இருந்ததாலா என்பது ஊகம், அதில் நான் நுழையவில்லை. ஆனால் இரண்டு பாத்திரத்துக்கு அளந்த மாவை மூன்றில் ஊற்றினால் நடுவில் இருக்கும் தோசைக்கு ஓரம் கிடைக்காது. டிராகனின் கணக்குத் தீர்வது மூன்றாவது படத்தின் தொடக்கத்தில். ‘டூ டவர்ஸ்’ கூட நடுப் படம்தான், ஆனால் கோட்டைச் சண்டை ஒன்று அதற்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடியும். பார்த்தவருக்கு ஒரு சாப்பாடு முடிந்த நிறைவு இருக்கும்.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் முழுப் படத்தையும் ஓட்ட வேண்டாம். ஒரு நோட்டில் பதின்மூன்று பெயரையும் எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் அவர் யாரும் ஏவாமல் எடுத்த முடிவு, இரண்டாவதில் அதற்குக் கொடுத்த விலை. நான்கு காட்சிகள் போதும்: ஆற்றுப் பீப்பாய், ஏரி நகரத்துப் படகு, மலைக் கதவு, பில்போவும் டிராகனும். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு முறை, சத்தத்தோடு ஒரு முறை பாருங்கள், டப்பிங்கின் பங்கு எவ்வளவு என்பது தனியாகத் தெரியும். எல்லாம் எழுதிய பிறகு ஒவ்வொரு பெயரையும் விரலால் மறைத்து, இவர் இல்லாவிட்டால் எந்தக் காட்சி நின்றுபோகும் என்று கேளுங்கள். நோரியை மறைத்தால் இந்தப் பாகத்தில் எதுவும் நிற்காது. டோரி, பிஃபர், க்ளோயினும் அப்படியே. மலைக் கதவுக் காட்சியில் கவனிக்க வேண்டியது பில்போவை: எல்லோரும் நம்பிக்கை இழந்து திரும்பிவிட, இவன் மட்டும் தங்கி, நிலா வெளிச்சத்தில் சாவித்துளை தெரிவதைக் காண்கிறான். கால் இடறிச் சாவி பள்ளத்தை நோக்கிப் பறக்க, தோரினின் பூட்ஸ் வந்து கயிற்றை மிதிக்கிறது. ஒரு பூட்ஸ் ஷாட்டில் இரண்டு பேரும் மறுபடி ஒரே கதைக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டக் கணக்குக்கு எல்லை உண்டு. யார் மனதில் நிற்பார் என்பதை ஓரளவு சொல்லும், படம் இன்பம் தந்ததா என்பதை அளக்காது. ஊரின் அழகு, ஹோவர்ட் ஷோரின் இசை, ஆற்றில் தண்ணீர் கேமரா மேல் அறையும் வேகம், இதெல்லாம் இந்தக் கட்டத்துக்குள் வராது. டிராகன் வந்தபோது ஏழு பேரும் மூச்சைப் பிடித்தீர்களே, அது உண்மையான ரசனை; நடுவில் சலித்ததும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே மார்க் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

மூன்றாவதைப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாருங்கள், 144 நிமிடம்தான், மூன்றில் அதுவே குறைவு. போகும் முன் ஆறு பெயரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தோரின், பாலின், ட்வாலின், ஃபீலி, கீலி, போஃபர். அதில் சாவு விழும், யாருக்கு என்று சொல்லி உங்கள் ஏழு பேரிடமும் திட்டு வாங்க விருப்பமில்லை. ட்வாலின் யார் என்று இப்போது தெரியாது இல்லையா? மொட்டைத் தலையில் பச்சை குத்திய முரட்டு ஆள். தங்க மோகம் தலைக்கேறிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் தோரினிடம் அவர் தனியாகப் போய் நின்று பேசும் காட்சி ஒன்று வரும். அப்போது டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.